கண்வலிக் கிழங்கு

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓமலூரைச் சுற்றியிருக்கிற ஏரிக்கரை, வண்டிப்பாட்டை, கரடு எல்லாவற்றிலும் மண்ணுக்குக் கீழே எங்கே என்ன கிழங்கு கிடக்கிறது என்பது அதுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் தரை வெடித்துக் கிடக்கும். மேலே ஒரு இலைகூட இருக்காது. ஆயா ஒரு இடத்தில் நின்று, காய்ந்த கொடியின் மிச்சத்தைக் காலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "இங்க தோண்டு கண்ணு" என்று சொல்லும். தோண்டினால் இருக்கும்.

இதை இப்படி எழுத எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, "காத்தால என்னடா தின்னே?" என்று பக்கத்துப் பையன் கேட்டால் இட்லி என்று பொய் சொல்வேன். பன்றிதான் மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்னும் என்று ஒரு வாத்தியார் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பார்த்தபடியே வகுப்பில் சொல்லிச் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. அதற்கப்புறம் ஆயாவோடு கூடை தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன். ஆயா ஏன் என்று கேட்கவில்லை. அதுக்குத் தெரிந்திருக்கும்.

ஆயா தோண்டியது பசிக்காக. மாசக் கடைசியில் ரேஷன் அரிசி தீர்ந்து, களைவெட்டும் இல்லாத நாட்களில் காட்டு வள்ளி, கோரைக் கிழங்கு. ஏரி வற்றும்போது சேற்றில் கிடக்கும் அல்லிக் கிழங்கு, கொட்டிக் கிழங்கு. காட்டுக் கருணையைப் புளி போட்டு நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை அரித்துப் பிடுங்கும். வள்ளியைத் தோண்டினால் கொடி ஒட்டியிருக்கிற தலைப்பகுதியை அறுத்து, அதைத் திரும்பக் குழியிலேயே வைத்து மண் தள்ளிவிட்டுத்தான் ஆயா அந்த இடத்தைவிட்டு நகரும். "அடுத்த வருசம் வரவனுக்கும் வயிறு இருக்குதில்ல?" என்று கேட்கும்.

இதை ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அதனுடைய பாட்டி. அந்தப் பாட்டியின் அம்மா தாது வருஷப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவளாம். 1876 முதல் 1878 வரை நடந்த அந்தப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா வாங்கிய அடி சாதாரணமானதல்ல. 1871 மக்கள்தொகைக் கணக்கில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த ஜில்லாவில், 1881 கணக்கெடுப்பின்போது இருந்தது 16 லட்சம் பேர். மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆளைக் காணோம். யார் செத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. குதிர் இல்லாதவன், நிலம் இல்லாதவன், கிணற்றில் தண்ணீர் மொள்ள உரிமை இல்லாதவன். பிழைத்தவர்கள் எதைத் தின்று பிழைத்தார்கள் என்று கேட்டால் எங்கள் தெருவின் பதில், கிழங்கு.

அப்படியிருந்தும் நான் கிழங்குப் பைத்தியமானது பசியால் அல்ல. ஒரு தமிழ் வகுப்பால்.

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களைப் பேராசிரியர் நடத்தினார். அந்தப் பட்டியலில் முதல் பூ செங்காந்தள். குறுந்தொகையின் முதல் பாட்டிலும் முருகனின் மலையில் பூத்துக் கிடப்பது காந்தள்தான். பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொல்வது சங்கப் புலவர்களுக்கு வழக்கம் என்று விளக்கிவிட்டு, "இந்தக் காந்தளை யாராவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். "பாத்திருக்கேனுங்க ஐயா. எங்க தெரு வேலியில கெடக்குது. கண்வலிப்பூன்னு சொல்லுவோம்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார்: "அது வேறப்பா. இது சங்க இலக்கியக் காந்தள்."

வேறல்ல. இரண்டும் ஒன்றுதான். தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்று அரசாங்கம் சொல்லும் செங்காந்தள்தான் எங்கள் வேலியில் கிடந்த கண்வலிப்பூ. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று பிள்ளைகளை மிரட்டுவதால் அந்தப் பெயர். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக் கிழங்கு. புலவர்கள் பூவைப் பார்த்தார்கள். நாங்கள் கிழங்கையும் பார்த்தோம்.

அந்த வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா பண்ணையத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு கொலுசு காணாமல் போனது. அக்காவைக் களத்தில் நிறுத்தி, மடியை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். ஊரே பார்த்தது. கொலுசு இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்திலேயே கிடைத்தது. அதற்குள் அக்கா அந்தக் கிழங்கைத் தின்று செத்துப்போயிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயசு. பெண்ணின் விரலுக்கு உவமையான பூ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் விரல்கள்தான் ஞாபகம் வரும். பருத்திக் காயின் முனை கீறிய விரல்கள்.

வகுப்பில் சிரிப்பு வாங்கிய அன்று சாயங்காலம் வேலியிலிருந்து ஒரு கிழங்கைத் தோண்டி, ஓட்டைப் பெயிண்ட் டப்பாவில் வைத்தேன். ஆயா பதறிப்போனது. "அதயெதுக்குடா ஊட்டுக்குக் கொண்டாந்தே?" என்றது. படிப்புக்கு என்று சொன்னேன். "தொட்டாக் கையக் கழுவு" என்று மட்டும் சொன்னது.

அந்தக் கிழங்கு எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்கவில்லை. அது இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். முளைக்கிற கண் நுனியில் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆடி மழைக்குத் தளிர் வரும். இலையின் நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பற்றிக்கொள்ளும். பூ மொட்டுவிட்டு விரியும்போது பச்சை, அப்புறம் மஞ்சள், போகப்போகச் சிவப்பு. ஆறு இதழும் நெளிந்து மேல்பக்கமாக மடிந்து தீ மாதிரி நிற்கும். சூல்தண்டு மகரந்தப் பைகளைவிட்டு விலகி, ஒரு பக்கமாக மடங்கி நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி. பூத்துக் காய்த்ததும் கொடி காய்ந்துவிடும். பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடுத்துச் சுருங்கிப்போக, பக்கத்தில் புதுக் கிழங்கு திரண்டிருக்கும்.

முதல் வருஷம் கொடி காய்ந்ததைப் பார்த்துப் பயந்து தினமும் தண்ணீர் ஊற்றினேன். கிழங்கு அழுகிவிட்டது. ஆயா டப்பாவைக் கவிழ்த்து மோந்து பார்த்துவிட்டு, "தூங்கறவன எழுப்பியா சோறு ஊட்டுவே?" என்று கேட்டது. அன்றிலிருந்து ஆயாதான் எனக்கு வாத்தியார்.

இப்போது என்னிடம் நாற்பது தொட்டிக்கு மேல் இருக்கின்றன. தொட்டி என்று சொல்வது மரியாதைக்கு. பெயிண்ட் டப்பா, உடைந்த குடம், உரச்சாக்கு. நரி வெங்காயம் இருக்கிறது. கோடையில் இலையே இல்லாமல் மொட்டைத் தண்டு ஒன்று கிளம்பி, அதில் மங்கலான சின்னச் சின்னப் பூக்கள் சாயங்காலத்தில் விரியும். மழை விழுந்த பிறகுதான் இலை வரும். விஷமூங்கில் இருக்கிறது. நிலப்பனை, தண்ணீர்விட்டான், காட்டுக் கருணை, வள்ளியில் மூன்று வகை. தாவரவியல் புத்தகம் இவற்றை அமைப்பை வைத்துப் பிரிக்கும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தால் குமிழம், கருணை மாதிரி கெட்டியான உருண்டைத் தண்டாக இருந்தால் கந்தம், கிடையாக ஓடினால் மட்டத்தண்டு. ஆயாவின் பிரிவினை வேறு. தின்கிறது, மருந்துக்கு ஆவது, தொடக்கூடாதது. இரண்டும் அறிவுதான். முதலாவது பிரிவினையில் தவறு செய்தால் மார்க் போகும். இரண்டாவதில் தவறு செய்தால் உயிர் போகும்.

தொட்டியில் வளர்ப்பது எனக்கு அலங்கார ஆசையால் அல்ல. நிலம் இல்லை. கண்வலிக் கிழங்கை விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். நெல்லோ கம்போ குத்தகை நிலத்தில் விதைத்து அறுத்துக்கொண்டு போகலாம். கிழங்கு அப்படியல்ல. இந்த மண் நாலு வருஷம் கழித்தும் என் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். எங்கள் காலனி வீடு மூன்று சென்ட். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, 1892-இல் அரசாணை போட்டு, அதன்வழி கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் கிழங்கு தோண்டிய ஏரிக்கரைப் புறம்போக்கில் பொக்லைன் இறங்கியது. ராத்திரியோடு ராத்திரியாக லாரி லாரியாக மண் போனது. மரத்தை வெட்டினால் கேட்க ஒரு கணக்காவது இருக்கும். மண்ணோடு போகும் கிழங்குக்குக் கணக்கே இல்லை. விடியக்காலையில் நானும் தெருப் பையன்கள் இரண்டு பேரும் மண்மேட்டைக் கிளறி நரி வெங்காயங்களைப் பொறுக்கினோம். ஊர்த்தெருக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "எங்க ஏரியில என்னடா தோண்டறீங்க?" என்று அதட்டினார். ராத்திரி முழுக்கப் போன லாரிகளை அவர் கேட்கவில்லை. எங்கள் கையிலிருந்த கூடையைத்தான் கேட்டார். "கெழங்குங்க" என்றான் கூட வந்த பையன். "ஓ, கெழங்கா" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பழைய வகுப்பறைச் சிரிப்பு காதில் கேட்டது. ஆனால் இந்தத் தடவை கூடையைக் கீழே வைக்கவில்லை.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டமும் தேசிய ஆர்க்கிட் தோட்டமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களின் பெயர்ப் பலகைகளில் லத்தீன் பெயருக்குப் பின்னால், பெயர் வைத்தவரின் சுருக்கம் இருக்கும். கண்வலிக் கிழங்கின் பெயர் குளோரியோசா சூப்பர்பா. அதற்குப் பின்னால் 'எல்' என்ற ஒரே எழுத்து. 1753-இல் அந்தப் பெயரை வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸைக் குறிக்கிற எழுத்து. லின்னேயஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. உலகம் முழுக்க ஒரே பெயரால் ஒரு செடியைக் குறிக்க அவர் வழி செய்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மாத்யூ, சேர்வராயன், கொல்லிமலை உட்பட நம் பகுதியின் செடிகளையெல்லாம் சேகரித்து 1981 முதல் 1988 வரை பல தொகுதிகளாக வெளியிட்டார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் என் தொட்டியில் இருப்பது என்ன என்றே என்னால் சரிபார்த்திருக்க முடியாது. என் கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல. "இங்க தோண்டு" என்று காட்டியவர்கள் எந்தப் பலகையில் இருக்கிறார்கள்?

அப்படி எழுதி வைக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். முன்னூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 12 தொகுதிகளில் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற நூலை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். அதில் மேந்தோன்னி என்ற மலையாளப் பெயரில் நம் கண்வலிக் கிழங்கும் இருக்கிறது. அந்த நூலுக்கு மருந்தறிவு கொடுத்தவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட சாதியில் பிறந்த அவர் 1675-இல் தன் கையால் எழுதிய சாட்சியம், முதல் தொகுதியில் அவருடைய எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிப் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம் பக்கத்து ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் இனத்துக்கே வைட் வைத்தார். வெள்ளைக்காரன் நல்லவன் என்று நிறுவ இதைச் சொல்லவில்லை. பெயரை எழுதுவது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்குச் சொல்கிறேன். அந்தச் செடிகளைக் காட்டில் இருந்து பறித்துவந்து கொடுத்த ஆட்களின் பெயர் அங்கேயும் இல்லை. பண்டிதர் அயோத்திதாசரும் சித்த வைத்தியர்தான். அவருடைய அரசியலைப் பேசுகிற நாம் அவருடைய மருந்துப் பெட்டியைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்?

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். தலச்சேரியில் தீயர் சமூகத்தில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள். அவர் தலித் அல்ல. ஆனால் அந்தக் காலத்துக் கேரளத்தில் தீயர்களும் தீண்டாமைக்கு உள்ளானவர்கள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து போனார். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் புது வகை உண்டாக்க அவர் பயன்படுத்திய பொருள் கோல்ச்சிசின். அது ஐரோப்பாவின் கோல்ச்சிகம் என்ற கிழங்குச் செடியிலிருந்து பெயர் பெற்றது. நம் கண்வலிக் கிழங்கும் அந்தக் குடும்பம்தான். எங்கள் தெரு அக்காவைக் கொன்ற விஷமும் அதே கோல்ச்சிசின்தான். அதை முதன்முதலாகப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி கையில் விஞ்ஞானம், ஒருத்தி கையில் சாவு. நடுவில் இருப்பது படிப்பும் நிலமும் மானமும்.

அந்தக் கோல்ச்சிசினுக்காக இன்று மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் கண்வலியைப் பயிர் செய்கிறார்கள். விதை ஏற்றுமதியாகிறது. வயலுக்கு வேண்டிய கிழங்குக்காகக் காட்டையும் வேலியையும் தோண்டித் தோண்டி, அது தானாக முளைத்த இடங்களில் அருகிவிட்டது. கூலிப் பிரச்சினை பேச மூலனூர்ப் பக்கம் போயிருந்தபோது ஒரு வயலில் நின்று பார்த்தேன். சூல்தண்டு விலகி நிற்பதால் காய்ப்பு கூட வேண்டுமென்று பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். காலை நேரத்தில் குனிந்தும் எக்கியும் அதைச் செய்வது கூலிப் பெண்கள். "தேனீ பாக்கற வேலய நாங்க பாக்கறமுங்க" என்றது ஒரு அம்மா. அந்த விதையிலிருந்து எடுக்கிற மருந்து கீல்வாத வலிக்குக் கொடுக்கப்படுகிறது. ராஜாக்களின் நோய் என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கிய நோய் அது. 2009-இல் அமெரிக்க அரசு ஒரு கம்பெனிக்கு அந்த மருந்தின் தனி உரிமையைக் கொடுத்ததும், 9 சென்ட் விற்ற மாத்திரை ஏறக்குறைய 5 டாலருக்குப் போனது. தேனீ வேலை பார்த்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவேண்டும்.

நம் ஊர்க் கடைவீதியிலும் இதே கதைதான். ஆகாசக் கருடன் கிழங்கைக் கயிற்றில் கட்டி வீட்டு வாசலில் தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் காற்றிலேயே முளைவிடும். கண்ணேறு படாது, விஷப்பூச்சி அண்டாது என்று நம்பிக்கை. எங்கள் ஆயா கரட்டில் தோண்டி எடுத்துவந்து ஊர்த்தெருவில் விற்றிருக்கிறது. கிழங்கு நிலைப்படியில் தொங்கியது. தோண்டிக் கொடுத்த ஆயா அந்தப் படிக்குக் கீழே, வாசலுக்கு வெளியே நின்று காசை முந்தானையில் வாங்கிக்கொண்டது.

பசியைப் புனிதமாக்க இதை எழுதவில்லை. ஆயாவிடம் ஒருநாள், "உனக்குத் தெரிஞ்சது எவ்வளவு பெரிய படிப்பு தெரியுமா?" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னேன். "அரிசிச் சோறு கெடைச்சிருந்தா எவ தோண்டுவா?" என்று கேட்டது. அதுவும் உண்மை. நம் பிள்ளைகள் இனிமேல் கிழங்கு தோண்டித்தான் வயிறு கழுவ வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டோம். ஆனால் பசி போகும்போது, பசி கற்றுக்கொடுத்த அறிவையும் வெட்கத்தோடு சேர்த்துப் புதைத்துவிட்டால், நாளைக்கு அதையே வேறு ஒருவன் தோண்டி எடுத்துத் தன் பெயரைப் பலகையில் எழுதி நமக்கே விற்பான்.

ஆயா செத்து சில வருஷம் ஆகிறது. அது இருக்கும்போதே ஒரு நோட்டுப் போட ஆரம்பித்தேன். செடியின் பெயர், எந்தத் தெருவில் எப்படிச் சொல்கிறார்கள், எந்த மாசம் முளைக்கிறது, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, சொன்னவர் யார். சொன்னவர் பெயர் இல்லாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இதுவரை பத்தொன்பது பேர். பதினான்கு பேர் பெண்கள். முதல் பெயர் ஆயாவுடையது. அந்தப் பெயரைத் தனியாக இங்கே எழுதப் போவதில்லை. பத்தொன்பதும் சேர்ந்து அச்சேறும்போது அதுவும் வரும்.

இதைப் படிக்கிற மாணவர்கள், தோழர்கள் அவரவர் தெருவில் ஒரு நோட்டுப் போடுங்கள். கிழங்கைப் பார்த்தவுடன் தோண்ட வேண்டாம், தெரியாததை வாயில் வைக்க வேண்டாம். முதலில் கேளுங்கள். கேட்கிற ஆள் இல்லாமல்தான் நிறையப் பேர் சொல்லாமலே போயிருக்கிறார்கள்.

எங்கள் சாயங்கால வகுப்புக்கு வரும் ஏழாவது படிக்கிற பிள்ளை போன கார்த்திகையில் என் தொட்டியில் பூத்திருந்ததைப் பார்த்து, "கண்வலிப்பூ! எங்க பாட்டி சொல்லியிருக்குது, கெழங்கு ரெண்டு கையா இருக்கும்" என்று கத்தியது. அதன் பாட்டி பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். இருபதாவது பெயர். ஒரு கிழங்கை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கை போனது. அக்காவின் ஞாபகம் வந்தது. நரி வெங்காயமும் வேண்டாம், அதிலும் விஷம் உண்டு. கடைசியில் வள்ளிக் கொடியின் தலையை அறுத்து, ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தேன்.